டியூட்டிக்குப் போன அம்மா

அந்தக் கட்டடத்தில் அவளுக்குப் பிள்ளைக்காரம்மா என்று பெயர். அவள் பெற்றது ஒன்றுமில்லை. வளர்த்ததை எண்ணினால் பதினொரு வருடத்தில் இருபத்தேழு தேறும். வேலைக்குப் போகிறவர்கள் காலையில் முதல் மாடியில் அவள் வீட்டு மணியை அடித்து, பிள்ளையையும் பிள்ளையின் பையையும் நீட்டிவிட்டு, ஒரு காலில் செருப்பை மாட்டியபடி மறு செருப்பைத் தேடிக்கொண்டு ஓடுவார்கள். யாரோ கிண்டலாக வைத்த பெயர்தான் அது. நாளாக நாளாகக் கிண்டல் தேய்ந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது. தபால்காரர்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் வீடு கேட்பார்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலிருக்கிற லிஃப்டுக்கெல்லாம் எண்ணெய் போட்டு ஓட்டுகிறவர், தான் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் நின்றால் மட்டும் "கம்பெனிக்கு போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் படியில் ஏறிப் போவார். குழந்தைகளுக்கு அவர் மாமா. அவள் அத்தை.

முன்னறைச் சுவரில் கண்ணாடி போட்டு ஓர் உரிமப் பத்திரம் தொங்கியது. வீட்டில் வைத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அவளுக்கு அனுமதி என்றும், ஒரே சமயத்தில் நாலு பேருக்கு மேல் கூடாதென்றும், சமையலறை வாசலில் இடுப்புயரத்துக்குத் தடுப்புக் கதவு போட்டு, அடுப்போ ஓவனோ சூடாக இருக்கும்போது அதைத் தாழிட்டிருக்க வேண்டுமென்றும் அதில் இருந்தது. தடுப்புக் கதவை மெக்கானிக்கே செய்து மாட்டியிருந்தார். தாழ் உட்பக்கம், குழந்தைகள் கைக்கு எட்டாது.

அந்த வருடம் அவளிடம் இருந்த நாலு பேரில் இரண்டு பேர் தரைத்தளத்து மருந்துக்கடைக்காரரின் பையன்கள். ஆறு வயது, ஐந்து வயது. பெரியவன், சின்னவன் என்றே கூப்பிடுவார்கள். மூன்றாவது ஏழு வயதுப் பெண். எதைச் சொன்னாலும் "ஏன் அப்படி?" என்று எதிர்க்கேள்வி போடுவதால் அவளுக்கு வக்கீல் என்று பட்டம். நாலாவது, மூன்றாம் மாடி நர்ஸின் மகள். நாலு வயது. தூக்கத்தில்கூட வாய் ஓயாது. அதனால் குருவி.

குருவி வந்த கதை மற்றவர்கள் வந்த கதை மாதிரி இல்லை. அவள் அப்பாவுக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் ஒன்பது மாதம் கடலில்தான். குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்த அன்று நர்ஸின் விடுப்பும் முடிந்தது. பால் கட்டி யூனிஃபார்ம் நனைந்திருக்க, பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து அழுதவளைப் பிள்ளைக்காரம்மாதான் எழுப்பி முகம் கழுவ வைத்து அனுப்பினாள். அன்றிலிருந்து இருவரும் அக்கா தங்கை போலத்தான். பகல் டியூட்டி, இரவு டியூட்டி, ஆளில்லை என்று இரட்டை டியூட்டி. எந்த டியூட்டியானாலும் குருவி கீழே இருக்கும். நர்ஸும் வேலை முடிந்து நேரே கீழேதான் வருவாள். தட்டில் போட்டு வைத்திருப்பதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே போவாள்.

குருவி முதல் அடி எடுத்து வைத்ததும் கீழேதான். ஒரு செவ்வாய்க்கிழமை. பிள்ளைக்காரம்மா அதை யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நர்ஸ் வீட்டிலிருந்தபோது குழந்தை நடந்தது. அவள் தடதடவென்று இறங்கி வந்து "அக்கா, நடந்துட்டா" என்று சொன்னபோது, இவளும் அப்போதுதான் கேள்விப்படுகிறவள் போல வாயில் கை வைத்தாள்.

இன்னொன்றையும் அவள் சொல்லவில்லை. இரண்டு வயதில் குருவி அவளையும் அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தது. நாலைந்து நாள் திருத்திப் பார்த்தாள். அப்புறம் விட்டுவிட்டாள். அந்தக் குழந்தைக்கும் என்ன தெரியுமோ, பகலில் அம்மா என்று அழைக்கும், தாய் வந்து நின்றால் அத்தை என்று மாற்றிக்கொள்ளும். இதில் பிள்ளைக்காரம்மாவுக்கு உள்ளூர ஒரு குறுகுறுப்பு இருந்தது. இனிப்பாகவும் இருந்தது.

டிசம்பரில் பள்ளி விடுமுறை விட்டதும் நாலு பேரும் முழுநாளும் வீட்டில். வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவள் குழந்தைகளை வைத்து இஞ்சி பிஸ்கட் வீடு கட்டுவாள். கடையில் வாங்கி ஒட்டுவதல்ல; மாவு பிசைவதிலிருந்து கூரை போடுவது வரை நாலு நாள் வேலை. அவளுக்கும் அது பிள்ளைகளிடமிருந்து வந்த பழக்கம்தான். முன்பு வளர்த்த ஒருத்தி எங்கோ படம் பார்த்துவிட்டு வந்து அடம்பிடிக்கப் போய் ஆரம்பித்தது. முதல் வருடம் கூரை சரிந்து வீடு பிஸ்கட் குவியலாகி, அன்றே தீர்ந்தது. இப்போது கை தேர்ந்திருந்தது.

முதல் நாள் செருப்புப் பெட்டி அட்டையை வெட்டி அச்சுகள் செய்தார்கள். இரண்டு பக்கச் சுவர், முகப்பு, பின்பக்கம், கூரைக்கு இரண்டு. வக்கீல் ஸ்கேல் வைத்து அளந்து, பக்கச் சுவர் இரண்டும் ஒரே உயரம் இல்லை என்று வழக்குப் போட்டாள். அவள் சொன்னது சரிதான். மறுபடி வெட்டினார்கள். பிறகு சாப்பாட்டு மேஜை மேல் மைதா, இஞ்சிப்பொடி, பட்டைப்பொடி, கொஞ்சம் கிராம்பு. வெண்ணெயையும் வெல்லப்பாகையும் அவள் அடுப்பில் உருக்கி எடுத்து வந்து ஊற்ற, எட்டுக் கைகள் பிசைந்தன. சின்னவன் மூக்கைத் துடைக்கிற கையோடு வந்தான். அவனை இரண்டு முறை கழுவ அனுப்பினாள்.

இரண்டாம் நாள் சுடும் நாள். பிள்ளைகள் முன்னறை மேஜையில் மாவைத் தேய்த்து, அச்சை வைத்து வெட்டித் தர, அவள் மட்டும் தடுப்புக் கதவைத் தாண்டிப் போய் ஓவனில் வைத்து எடுப்பாள். அதுதான் ஏற்பாடு. ஜன்னல்கள்தான் அந்த வருடத்துப் புது வித்தை. சுவரில் சதுரமாக ஓட்டை வெட்டி, அதில் பொடித்த கலர் மிட்டாயைப் போட்டுச் சுட்டால், மிட்டாய் உருகிப் பரவி, ஆறியதும் வண்ணக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். மிட்டாயைத் துணியில் முடிந்து குழவியால் நொறுக்கும் வேலைக்குப் பையன்களுக்குள் அடிதடி.

சாயங்காலம் நாலு மணிக்கே நர்ஸ் வந்துவிட்டாள். வாரக்கணக்கில் இரட்டை டியூட்டி பார்த்தவளை அன்று சீக்கிரம் விட்டிருந்தார்கள். தாகமென்று அவளே தடுப்பைத் திறந்து சமையலறைக்குள் போய்த் தண்ணீர் குடித்தாள். தாழைப் போட மறந்தாள். குருவி அம்மாவின் பின்னாலேயே ஓடி, முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஓவன் கதவின் கண்ணாடி வழியாக மிட்டாய் உருகுவதைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. பிள்ளைக்காரம்மா ஒரே எட்டில் போய் அதன் முதுகில் கை வைத்து நின்றாள். இறக்கிவிடத்தான் போனாள். ஆனால் அந்த நேரம் பார்த்து சிவப்பு மிட்டாய் நுரைத்து ஓட்டையை நிரப்ப, குருவி "ஜன்னல் முழிச்சிடுச்சு" என்றது. அதைக் கேட்ட பிறகு எப்படி உடனே இறக்குவது? ஒரு நிமிடம் பார்க்கட்டும் என்று விட்டாள்.

நர்ஸ் போனை எடுத்தாள். "அப்படியே இருடி, அப்பாவுக்கு அனுப்பலாம்" என்றாள். பிறகு, "அக்கா, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்குது" என்றாள். இவளும் இரண்டடி தள்ளி நின்றாள். படம் எடுத்ததும் இவள் குழந்தையை இறக்கி, எல்லோரும் வெளியே வந்ததும் தாழைப் போட்டாள்.

மிச்ச மாவில் பொம்மைகள் செய்தார்கள். வீட்டுக்கு ஆள் வேண்டுமே. பெரியவன் ஒரு போலீஸ்காரர் செய்தான். வக்கீல் தன்னையே செய்துகொண்டாள். குருவி மூன்று பொம்மைகளை வெட்டி வரிசையாகப் படுக்க வைத்து, "இது நான், இது மாமா, இது அம்மா" என்று அறிமுகப்படுத்தியது.

நர்ஸ் குனிந்து, "அம்மா அழகா இருக்காளே, தலையில என்ன கொண்டையா?" என்று கேட்டாள். அவள் தலைமுடி கழுத்தளவுதான். கொண்டை போடுகிறவள் பிள்ளைக்காரம்மா.

குருவி யோசித்தது. பகலும் மாலையும் ஒரே மேஜையில் வந்து நின்றால் அது என்ன செய்யும், பாவம். கொண்டை வைத்த பொம்மையைத் தொட்டு, அத்தையை நிமிர்ந்து பார்த்தது. மாவின் விளிம்பில் கிடந்த ஒரு துண்டை எடுத்துக் கை கால் இல்லாமல் உருட்டி, மேஜையின் கோடியில் வைத்தது. "இது நீ. நீ டியூட்டிக்குப் போயிட்ட."

வக்கீல் முதலில் சிரித்தாள். பையன்கள் சிரித்தார்கள். நர்ஸும் சிரித்தாள், கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தாள். பிள்ளைக்காரம்மாவும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்திருக்கலாமோ என்று பிற்பாடு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தாள். அன்றைக்கு நர்ஸ் தட்டில் இருந்ததைப் பாதியில் வைத்துவிட்டு, தலைவலி என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நாலாம் நாள் காலை சுவர்களை நிறுத்தினார்கள். முட்டை வெள்ளையில் சர்க்கரைப் பொடியைக் குழைத்த கெட்டிப் பசைதான் சிமெண்ட். அது காய்கிற வரை சுவர் சாயாமலிருக்க உள்ளும் புறமும் டப்பாக்களை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். நாலு பேரும் மூச்சுவிடாமல் சுற்றி நின்ற நேரத்தில் மணி அடித்தது. வாசலில் கையில் ஃபைலோடு ஓர் அம்மாள். உரிமம் கொடுத்த அலுவலகத்து அதிகாரி. வருடத்துக்கொரு முறை வருகிறவர்தான். ஆனால் மார்ச் மாதம் வருவார். இப்போது டிசம்பர்.

அந்த அம்மாள் மரியாதையாகத்தான் பேசினார். பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார், வீட்டைப் பார்த்து அழகு என்றார். பிறகு பிள்ளைக்காரம்மாவை ஒதுக்கமாக உட்கார வைத்து, ஒரு புகார் வந்திருப்பதாகச் சொன்னார். சூடான ஓவன் பக்கத்தில் குழந்தைகளை விடுவதாகப் புகார். கொடுத்தது யார் என்று சொல்வது விதியில் இல்லை. ஆனால் அவர் தாளைத் தேடிப் புரட்டியபோது ஃபைலில் குத்தியிருந்த படம் வெளியே தெரிந்துவிட்டது. முக்காலி மேல் குருவி. எரிகிற ஓவன். பின்னால் ஆவென்று திறந்து கிடக்கிற தடுப்புக் கதவு. பக்கத்தில் பெரியவர்கள் யாரும் இல்லை.

அவள் படத்தின் ஓரத்தைப் பார்த்தாள். கொண்டையில் பாதியும் தோள் நுனியும் விழுந்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுவர் இருந்தது. அவள்தான் தள்ளி நின்றாளே.

விசாரணை முடிகிற வரை உரிமம் நிறுத்தி வைக்கப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதிகாரி போனார். பெற்றோருக்கு போன் போட வேண்டியதாயிற்று. முதலில் மருந்துக்கடைக்காரர் வந்தார். உங்கள் வீட்டில் சர்க்கரை அதிகம், பையன் பல்லுக்கு ஆகாது என்று மாதம் ஒரு முறையாவது குறை சொல்கிற மனிதர். அன்று ஒன்றும் சொல்லவில்லை. பையன்களின் செருப்பை அவரே மாட்டிவிட்டு, டப்பாக்களுக்கு நடுவில் நிற்கும் சுவர்களைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் போனார். வக்கீலின் அப்பா வந்தார். குருவி மட்டும் மிச்சம்.

மதியம் முழுக்க பிள்ளைக்காரம்மா நெஞ்சோடு வாதாடிக்கொண்டிருந்தாள். நர்ஸ் அந்தப் படத்தைக் கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருப்பாள், அதைப் பார்த்து வேண்டாதவர் யாரோ எடுத்து அனுப்பியிருப்பார்கள். போனை எடுத்துக் குழுவைப் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்பு இருந்தது, யாரோ தொலைத்த சாவி இருந்தது, படம் இல்லை. சரி, வேலை செய்யும் இடத்தில் யாருக்காவது காட்டியிருப்பாள். கப்பலில் குருவியின் அப்பா யாருக்காவது காட்டியிருப்பார். வழியா இல்லை? தன் கையால் ஊட்டி வளர்த்த பிள்ளையின் தாய் தன் அடிமடியிலேயே கை வைப்பாள் என்று நம்புவதைவிட, நடுக்கடலில் ஏதோ ஒரு மாலுமிக்குத் தன் மேல் பகை என்று நம்புவது அவளுக்கு எளிதாக இருந்தது.

கணவர் வந்தார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, குருவியைக் கடைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லி வெளியே கிளம்பினார். வாசலில் செருப்பு மாட்டும்போது மட்டும், "அவகிட்ட நேரா கேட்டுடு" என்றார்.

ஆறரைக்கு நர்ஸ் வந்தாள். செய்தி அதற்குள் அவளுக்கு எட்டியிருந்தது. பையைக் கீழே போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்றிருந்தது. இந்த வேலையைப் பார்த்தவர்கள் நன்றாக இருப்பார்களா என்று கேட்டாள். பதில் கடிதத்தைத் தானே எழுதித் தருவதாகச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கென்னவோ அந்த மருந்துக்கடைக்காரர் மேலதான் சந்தேகம் அக்கா. அவருக்குத்தான் எப்பவும் எதாவது குறை" என்றாள்.

பிள்ளைக்காரம்மா எதிர்ச்சுவரைப் பார்த்தபடி கேட்டாள்: "அன்னிக்கு குருவிய முக்காலி மேல நிக்க வெச்சு ஒரு படம் எடுத்தியே. அத யாருக்கெல்லாம் அனுப்பின?"

"அவருக்கு மட்டும்தான். ஏன்கா?"

"வேற யாருக்கும் இல்லையே? யோசிச்சுச் சொல்லு."

"இல்லக்கா. அவருக்குக்கூட இன்னும் போகல. கப்பல்ல நெட் இல்ல."

"அந்தப் படம் அந்த அம்மாவோட ஃபைல்ல இருந்துச்சு."

பிடித்திருந்த கையை நர்ஸ் விடவில்லை. விடுவதா வேண்டாமா என்று தெரியாமல் அது அங்கேயே கிடந்தது. பிள்ளைக்காரம்மாதான் தன் கையை உருவிக்கொண்டாள். இல்லை என்று இன்னொரு முறை சொல்லிவிட மாட்டாளா என்று இவளே காத்திருந்தாள்.

"எச்சரிச்சுட்டுப் போயிடுவாங்கன்னு நினைச்சேன்" என்றாள் நர்ஸ் கடைசியில்.

அதற்கப்புறம் அவள் பேசப் பேச இவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலேயே ஊழியர்களின் குழந்தைகளுக்குக் காப்பகம் இருக்கிறது. அக்டோபரிலேயே மனுப்போட்டு ஜனவரியிலிருந்து இடம் கிடைத்துவிட்டது. இன்சூரன்ஸுக்கு என்று சொல்லி இவளிடமிருந்து வாங்கிப்போன தடுப்பூசி அட்டை அதற்குத்தான். சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இரண்டு மாதம் ஓடிவிட்டது. அன்றைக்கு மேலே போய்ப் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது, ஏன் அம்மாவை மேஜைக் கோடியில் வைத்தாய் என்று கேட்டிருக்கிறாள். "நீ வந்து வந்து போவியே, அதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாய்க்கு ஆவென்று திறந்ததாம். பிள்ளை தூங்கினதும் அந்தச் சூட்டிலேயே புகாரை எழுதி அனுப்பிவிட்டாள்.

"பகல்ல உங்கள அம்மான்னு கூப்பிடுறது எனக்குத் தெரியும்கா. ரெண்டு வருஷமாத் தெரியும். மொதல்ல நடந்ததும் இங்கதான்னு தெரியும். என் முன்னாடி நடக்கும்போது மொத தடவை நடக்கிற பிள்ளை மாதிரியா நடந்தா? திரும்பி வேற வந்தா. நீங்க எனக்காக மறைச்சீங்க. அத நினைச்சா இன்னும் தாங்க முடியல."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நாளைலேர்ந்து அனுப்பலக்கான்னு சொன்னா உன் கையப் பிடிச்சா இழுத்துருக்கப் போறேன்?"

"எப்படிக்கா சொல்றது? மூணு தடவை சொல்றதுக்குன்னே வந்தேன். மூணு தடவையும் தட்டுல போட்டுக் கையில குடுத்தீங்க. சாப்பிட்டுட்டு மேல போயிட்டேன்."

பிள்ளைக்காரம்மாவுக்குச் சொல்ல நிறைய இருந்தது. காய்ச்சலில் கிடந்த பிள்ளையை மூன்று நாள் மடியை விட்டு இறக்காமல் வைத்திருந்தது, தன் தங்கை கல்யாணத்துக்கே ஒரு நாள் பிந்திப் போனது. எதையும் எடுக்கவில்லை. எடுத்தால் அது சொல்லிக்காட்டுவதாகிவிடும். ஒரே ஒன்றுதான் கேட்டாள்.

"மருந்துக்கடைக்காரர்னு சொன்னியே. அது எதுக்கு?"

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். புகார் எழுதியதற்குக் காரணம் இருந்தது. அழுகை இருந்தது, வயிற்றெரிச்சல் இருந்தது, பெற்றவளின் நியாயம்கூட இருந்தது. இதற்கு ஒன்றும் இல்லை. கூடவே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் தலையில் பழியைத் தூக்கி வைத்தாளே, அங்கேதான் பிள்ளைக்காரம்மாவுக்கு அறுந்து போனது. சந்தேகமாக இருந்தவரை துக்கமாக இருந்தது. இப்போது துக்கத்துக்குப் பதிலாக வேறேதோ வந்து உட்கார்ந்திருந்தது.

"மாமா பிள்ளையக் கூட்டிட்டு வருவார். கூட்டிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். குருவியின் மாற்றுத் துணி, தலையணை, பக்கத்தில் இல்லாவிட்டால் குழந்தைக்குத் தூக்கம் வராத ஒரு காதறுந்த முயல் பொம்மை, குடிக்கிற கோப்பை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டாள். நாலு வருடம் ஒரு பைக்குள் அடங்கிவிட்டது. குருவி கடையிலிருந்து பலூனோடு வந்து, பையைப் பார்த்துவிட்டு, எங்கே ஊருக்கா போகிறோம் என்று கேட்டது. ஆமாம் என்று அதுவே முடிவு செய்துகொண்டு குதித்துக்கொண்டே படியேறிப் போனது.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் பிற்பகல் மருந்துக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு, தன் இரண்டு பையன்களோடும் வக்கீலோடும் வந்து நின்றார். பொறுப்புக்குப் பெரியவர் கூட இருந்தால் விருந்தாளிதானே, யாரும் ஒன்றும் கேட்க முடியாதே என்றார். முன்னறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து செய்தித்தாளை விரித்தார். கூரையை ஏற்றினார்கள். பாதாமை ஓடு மாதிரி பதித்தார்கள். குருவி எங்கே என்று வக்கீல் கேட்டாள். அவள் அம்மாவுக்கு லீவு என்று பிள்ளைக்காரம்மா சொன்னாள். ஏன் லீவு என்று அவள் கேட்க, மருந்துக்கடைக்காரர் செய்தித்தாளை இறக்காமலே, லீவு என்றால் லீவுதான் என்றார். வீடு நன்றாகத்தான் வந்தது. மெக்கானிக் உள்ளே சின்ன பல்பு வைத்துக் கொடுத்தார். ஜன்னல்கள் சிவப்பும் பச்சையுமாக எரிந்தன. பிள்ளைக்காரம்மா அதைப் படம் எடுக்கவில்லை. பையன்கள் ஆளுக்கொரு புகைக்கூண்டைக் கடித்து ஆரம்பித்து வைத்தார்கள்.

ஜனவரியில் விசாரணை. அன்று வீட்டில் வேறு பெரியவர் யாராவது இருந்தார்களா என்று அதிகாரி கேட்டார். காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று மனதில் ஒரு பக்கம் சொன்னது. அந்தப் பக்கத்துக்கு அவள் காது கொடுக்கவில்லை. குழந்தையின் தாய் இருந்தாள், அவள்தான் கதவைத் திறந்தாள், அவள்தான் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிப் படம் எடுத்தாள் என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஒரு நிமிடம் இறக்காமல் விட்டது தன் தப்பு என்பதையும் சொன்னாள். அதிகாரி பேனாவை மூடிவிட்டு, கதவை யார் திறந்தாலும் உள்ளே நின்றது குழந்தைதானே அம்மா என்றார். ஒரு மாத நிறுத்தமும் ஓர் எச்சரிக்கைக் கடிதமுமாக முடிந்தது. பிப்ரவரி முதல் தேதி பெரியவனும் சின்னவனும் வக்கீலும் திரும்பி வந்தார்கள்.

நர்ஸை எப்போதாவது படியில் பார்ப்பாள். ஒருத்தி சுவரோரம் ஒதுங்க, மற்றவள் இறங்குவாள். குருவி கூட இருந்தால் அதன் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போவாள். இரண்டு மூன்று முறை அது "அம்மா" என்று கூப்பிட்டது. இரண்டு பேருமே திரும்பவில்லை.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு காலை, லிஃப்ட் வாசலில் நர்ஸ் நின்றிருந்தாள். இவளுக்காகத்தான் நின்றிருந்தாள் போலிருக்கிறது. லிஃப்ட் வந்தும் ஏறவில்லை. ஆஸ்பத்திரிக் காப்பகத்தை ஆறு மணிக்கு மூடிவிடுகிறார்கள் என்றாள். டியூட்டி எட்டு வரை. இத்தனை நாள் ஆயா ஒருத்தியிடம் விட்டுச் சமாளித்தாளாம், அவளும் நின்றுவிட்டாள். பிள்ளை இரண்டு மணி நேரம் வார்டு வாசல் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறது.

"எனக்காகக் கேக்கல அக்கா. அந்த ரெண்டு மணி நேரம் மட்டும்."

பிள்ளைக்காரம்மா அவளைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருத்து, ஆள் பாதியாகியிருந்தாள். பழைய நாளாக இருந்தால் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய் உட்கார வைத்திருப்பாள்.

"நாலு பேர் ஆயிடுச்சும்மா. இடமில்ல" என்றாள்.

மூன்று பேர்தான் இருந்தார்கள். அது நர்ஸுக்கும் தெரியும். காலையில் மணியடிக்கிறவர்களைப் படியில் பார்க்கிறவள்தானே. சரிக்கா என்று சொல்லிவிட்டு, படியிலேயே இறங்கிப் போனாள்.

கதவுக்குப் பின்னால் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்த கணவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். பிள்ளை என்ன பாவம் செய்தது என்று கேட்டார். அதற்கு ஒரு பாவமும் இல்லை என்றாள் அவள். பிறகு ஏன் அப்படிச் சொன்னாய் என்றார்.

"தெரியல. வாயில அதுதான் வந்துச்சு."

மணி அடித்தது. அவள் போய்க் கதவைத் திறந்து, மூக்கு ஒழுக நின்ற சின்னவனின் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள்.